அம்மாவின் முழங்கை

படத்தில் அம்மா என்று இருந்தது ஒரு முழங்கை மட்டும்.

பள்ளியில் 'என் குடும்பம்' என்று ஒரு சார்ட் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். மகள் வீட்டிலிருந்த படங்களைக் கிளறி, அப்பா, தாத்தா, அத்தை, தான் என்று எல்லோரும் இருந்த ஒன்றைப் பொறுக்கி ஒட்டிக்கொண்டு போயிருந்தாள். படத்தின் ஓரத்தில் ஒரு தட்டு. தட்டைப் பிடித்த கை. கைக்கு மேலே முழங்கை. அதோடு படம் முடிந்துவிட்டது. முழங்கைக்கு ஓர் அம்புக்குறி போட்டு, கோணல் எழுத்தில் 'அம்மா' என்று எழுதியிருந்தாள்.

அம்மா மகளை அழைத்துவரப் போனபோது வகுப்பு ஆசிரியை அதைக் கையில் கொடுத்தாள்.

"உங்க முழங்கைதான் இன்னிக்கு க்ளாஸ்ல ஹீரோ. உங்க அம்மாவுக்கு முகமே இல்லையான்னு பசங்க கேட்டு ஒரே சிரிப்பு."

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. கழற்றத் தெரியவில்லை.

"நான் சொல்லிட்டேன்மா," என்றாள் மகள். "எங்க அம்மாவுக்கு முகம் இருக்கு, வீட்டுல வெச்சிருக்காங்கன்னு."

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். படம் என்றால் முதலில் ஓரத்தைப் பார்ப்பாள். தோள்பட்டை முழுசாக வந்திருக்கிறதா, விரல் நுனி விட்டுப்போயிற்றா என்று. வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் ஆல்பங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் இருந்தவற்றையும் திறந்தாள். கல்யாண ஆல்பத்தை விட்டுவிட வேண்டும். அது கூலிக்கு வந்தவர் எடுத்தது. அதற்குப் பிறகு வந்த அத்தனையிலும் ஓரம் ஓரமாகத் தேடினாள். பாதிப் பின்னல் கிடைத்தது. ஒரு காது கிடைத்தது. கதவில் விழுந்த நிழல் ஒன்று தன்னுடையதாக இருக்கலாம் என்று தோன்றியது. மகளின் முதல் பிறந்தநாளில், கேக்குக்குப் பின்னால், வாசல் பக்கம் போகும் ஒற்றைச் செருப்பு.

எல்லாம் நாத்தனார் எடுத்தவை.

நாத்தனார் அவள் கணவனுக்கு அக்கா. நாத்தனாரின் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் அப்பாவோடு கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு, முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறாள். வீட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், கழுத்தில் கேமராவோடு வந்துவிடுவாள். தூக்குவாளி பருமனில் ஒரு லென்ஸ். பக்கத்தில் வரமாட்டாள். கூடத்தின் மூலையில் நின்றுகொண்டு, வேண்டிய முகத்தை மட்டும் இழுத்துப் பிடிப்பாள். நாத்தனாருக்கு மனசுக்குள் இவள் வைத்திருந்த பெயர் 'நிருபர்'. நாத்தனார் இவளுக்கு வைத்த பெயர் 'எக்ஸ்ரே'. அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

நாத்தனார் ஒரு பெண்மணிக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு முனை பல்லில். பெண்மணி கண்ணை மூடி மல்லாந்திருந்தார்.

"அண்ணி, ஒரு படத்துலகூட நான் இல்ல."

"எந்தப் படத்துல?"

"எதுலயும்."

"அதுக்கு நான் என்ன பண்ண?" பல்லில் கடித்த நூலை விடாமலே நாத்தனார் பேசினாள். "கேமராவத் தூக்கினா நீ ஓடிடற."

"நான் ஓடறேனா?"

"பின்ன? கடன்காரனப் பார்த்த மாதிரி."

"நீங்க வெட்டிடறீங்கண்ணி. கூசாம வெட்டிடறீங்க."

"ஆமாமா. எனக்கு வேற பொழப்பில்ல பாரு. உன்னை வெட்டறதுக்குன்னே கேமரா வாங்கி வெச்சிருக்கேன்."

மல்லாந்திருந்த பெண்மணியின் வயிறு குலுங்கியது.

"சிரிக்காதீங்க மேடம். புருவம் போயிடும்."

"எங்க ஆஸ்பத்திரில ஒரு விரல் விட்டுப்போச்சுன்னாக்கூட திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க," என்றாள் அவள். "நீங்க ஒரு முழு ஆளையே விட்டிருக்கீங்க. ஒரு தடவ திரும்ப எடுத்தீங்களா?"

"உங்க ஆஸ்பத்திரில வெறும் எலும்பு. எலும்புக்கு ரோஷம் கிடையாது. காட்டுன்னா காட்டும்."

"சரி. நானே ஒரு கேமரா வாங்கிக்கறேன்."

நாத்தனார் நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி.

"வாங்கேன். வாங்கினா யாரு எடுப்பா? நீ. எடுக்கறவ எங்க நிப்பா? கேமராவுக்குப் பின்னாடி. இப்ப முழங்கையாவது மிஞ்சுது. அப்புறம் அதுவும் இல்ல."

பெண்மணி ஒரு கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தார். திருத்திய புருவம் ஒன்று, திருத்தாத புருவம் ஒன்று.

படியேறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாத்தனார் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு எரிந்தது.

கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காலரை இன்னொரு தடவை தேய்த்தான். எதற்காவது பதில் சொல்ல வேண்டியிருந்தால் அவன் காலரைத் தேய்ப்பான்.

"அக்காகிட்டதான் ஒண்ணு இருக்கே."

"அதனாலதான் வாங்கணும்."

"சரி. அப்ப அக்காவையும் கூட்டிட்டுப் போலாம். அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"நீங்க உங்க அக்காவக் கூட்டிட்டு எங்க வேணா போங்க. நான் கேமரா வாங்கப் போறேன்."

ஆனாலும் சனிக்கிழமை அவள் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே வந்தபோது, காரின் முன்சீட்டில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டும் போட்டிருந்தாள். கணவன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் மகளோடு பின்னால் ஏறினாள். கடை வரைக்கும் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாத்தனாரின் கொண்டை.

கடை குறுகலாக, ரயில்பெட்டி மாதிரி நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் துணி. வேண்டுகிறதோ வேண்டாமோ, எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாருக்கு கேமரா?"

"வீட்டுக்கு," என்றாள் நாத்தனார்.

"எனக்கு," என்றாள் அவள்.

கடைக்காரர் கணவனைப் பார்த்தார். அவன் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தான்.

"என்ன எடுக்கறதுக்கு?"

"சும்மா வீட்டுல. பிறந்தநாள், விருந்தாளி வந்தா, இவ ஹோம்வொர்க் பண்றப்போ. அந்த மாதிரி."

கடைக்காரர் முதலில் ஒரு பெரிய கேமராவை எடுத்து வைத்தார். நாத்தனார் அதைச் சொந்தக்காரப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினாள். "இது பரவால்ல. கையில ஒரு கனம் இருக்கு."

அவள் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இதை பீரோல வெச்சுப் பூட்டத்தான் தோணும். சின்னதா காட்டுங்க."

அடுத்தது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு. அதிகப்படிப் பொத்தான்கள் இல்லை. மகளிடம் கொடுத்தாள். மகள் ஒற்றைக் கையால் பிடித்துக் கடைக்காரரின் தொப்பையை எடுத்தாள். படம் ஆடாமல் வந்திருந்தது.

"பொம்மை மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார்.

"இருக்கட்டும். சாப்பாட்டு மேஜை மேல கிடக்கணும். கைக்கு வந்தா எடுக்கணும். கழுத்துல மாட்டிக்கிட்டு ஊரைக் கூட்டறதுக்கு இல்ல."

நாத்தனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "சரி, கேமரா பாடி அவ இஷ்டம். லென்ஸ் ஐம்பது எம்.எம். போட்டுக் குடுங்க. முகம் மட்டும் பளிச்சுன்னு வரும், பின்னாடி இருக்கறதெல்லாம் மங்கலாப் போயிடும். அதான் அழகு."

"பின்னாடி யாரு?" என்றாள் அவள்.

"என்ன?"

"மங்கலாப் போறது யாருன்னு கேக்கறேன்."

கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார். "ஐம்பது நல்ல லென்ஸ்தான் மேடம். ஆனா இந்த பாடில அது இன்னும் நெருக்கிக் காட்டும். வீட்டுக்குள்ளன்னா உங்க ஹால் எவ்வளவு பெரிசுன்னு பார்க்கணும்."

அவள் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தாள். டிவி வைத்த அலமாரியிலிருந்து மாமனாரின் நாற்காலி வரைக்கும் கூடத்தை அளந்து அறுத்து வைத்திருந்தாள். அவள் வேலையில் தூரம்தான் எல்லாம். எக்ஸ்ரே குழாய்க்கும் நோயாளிக்கும் நடுவே இடைவெளி தப்பினால் படம் தப்பிவிடும். இயந்திரத்திலேயே அளவு நாடா தொங்கும்.

"அடியம்மா," என்றாள் நாத்தனார். "நீ கேமரா வாங்க வந்தியா, மனை அளக்க வந்தியா?"

அவள் ஒரு முனையை இந்த அலமாரியின் காலில் சுற்றினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கடையின் நீளவாக்கில் நடந்தாள். கயிறு விறைத்த இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டாள்.

"இது மாமாவோட நாற்காலி. நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க. பாப்பா நடுவுல. அண்ணி, நீங்க அந்த ஓரம்."

"நான் ஏன் ஓரம்?"

"ஒரு தடவ நின்னு பாருங்களேன்."

திரும்பி வந்து ஐம்பதைப் போட்ட கேமராவைக் கண்ணில் வைத்தாள். கணவன் இருந்தான். ஸ்டூல் இருந்தது. மகளின் இரண்டு ஜடையும் இருந்தன. வலது ஓரத்தில் தங்கத் தோடு ஒன்று ஆடியது.

அழுத்தினாள். கொண்டுபோய்க் காட்டினாள்.

"உங்க காது நல்லா வந்திருக்கு அண்ணி. மத்ததெல்லாம் வரல. இதையே வாங்கிடலாமா?"

கணவனுக்குச் சிரிப்பு வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாறியது. நாத்தனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஜூம் வாங்கு. இழுத்தா இழுக்கும், தள்ளினா தள்ளும். எல்லாத்துக்கும் ஆச்சு."

"ஆமா மேடம், நிறைய பேரு ஜூம்தான் கேக்கறாங்க," என்றார் கடைக்காரர். "ஆனா இந்த விலைல கிடைக்கற ஜூம், வெளிச்சம் குறைஞ்ச ரூம்ல கொஞ்சம் தடுமாறும். ஃப்ளாஷ் போடணும்."

நாத்தனாரின் ஃப்ளாஷ் வீட்டில் எல்லோரையும் திருடர்களாக்கியிருந்தது. மாமனாரின் வழுக்கையில் ஒவ்வொரு படத்திலும் ஒரு சூரியன்.

"ஜூம் வேண்டாம்," என்றாள் அவள். "இழுக்கறது, தள்ளறது ரெண்டும் வேண்டாம்."

கடைக்காரர் குட்டையாக ஒன்றை எடுத்தார். "இருபத்திமூணு. வீட்டுக்குள்ள, தெருவுல, மேஜைக்கு எதிர்ல உக்காந்துகூட எடுக்கலாம். விளக்கு வெளிச்சமே போதும், ஃப்ளாஷ் கேக்காது. ஒரே குறை, தூரத்துல இருக்கறவங்களை இழுக்காது. நாமதான் நடந்து பக்கத்துல போகணும்."

"அது குறையில்ல."

மாட்டிப் பார்த்தாள். கயிற்றின் முனையில் எல்லோரும் தலையிலிருந்து கால் வரைக்கும் நின்றார்கள். நாத்தனாருக்கு அந்தப் பக்கம் இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. அந்த இடத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கறவங்களும் படத்துல வரணும். அதுக்கு வழி இருக்கா?"

"டைமர் இருக்கே." கடைக்காரர் கேமராவை அலமாரி மேல் வைத்து எதையோ தட்டினார். "போய் நில்லுங்க மேடம். பீப் பீப்னு சத்தம் வரும். வேகமா வந்தா எடுக்கப் போகுதுன்னு அர்த்தம்."

அவள் போய் நாத்தனாருக்கு அந்தப் பக்கம் நின்றாள். சிவப்பு விளக்கு சிமிட்டியது. பீப். பீப். பிறகு வேகமாக. க்ளிக்.

படத்தில் கணவன், மகள், நாத்தனார், ஸ்டூல்.

"நீங்க எங்க மேடம்?"

அவள் அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். எப்படி வந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"இந்தப் பெட்டியைப் பார்க்க வந்தேன்," என்றாள். கையில் கிடைத்த ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

வீடு வரைக்கும் நாத்தனார் முன்சீட்டில் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கொண்டையே சிரிப்பதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். சன்னலில் நல்ல வெளிச்சம். அவள் டிவிக்குப் பக்கத்தில் செருப்புப் பெட்டியை வைத்து, அதன்மேல் கேமராவை வைத்தாள். மாமனாரை மேலே அழைத்துவந்தாள். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காது அவ்வளவாகக் கேட்காது. அது ஒரு வரம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எவ்வளவு இடம் காலியா இருக்கு பாரு. படியில யாரும் நிக்காதீங்க."

நாத்தனாரும் வந்தாள். கூப்பிடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூப்பிட்டாள் என்றும் சொல்ல முடியாது. தலை வாரி, உதட்டுக்குச் சாயம் போட்டு வந்திருந்தாள். மாமனாரின் நாற்காலிக்கு வலப்பக்கம் நின்றாள். அவளுக்கு அடுத்து, தரையில் இவள் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருந்தாள். தன்னுடைய இடம்.

"எல்லாரும் ரெடியா?"

அழுத்திவிட்டு, நடந்து போய் டேப்பின் மேல் நின்றாள். பீப்.

"மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க," என்றாள். பழக்கதோஷம். எல்லோரும் இழுத்துப் பிடித்தார்கள்.

க்ளிக்.

எல்லோரும் கேமராவைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமனார், கணவன், நாத்தனார், மகள், நாலு பேரும் நெஞ்சு புடைக்க, கன்னம் உப்பி, போட்டிக்கு நிற்கும் பயில்வான்கள்போல் இருந்தார்கள். டேப் இருந்தது. டேப்பின் மேல் யாரும் இல்லை. படுக்கையறைக் கதவோரம் ஒரு பின்னல் அந்தரத்தில் பறந்தது.

"எங்க போன?" என்றான் கணவன்.

"கதவு அடிச்சுக்கிச்சு. சாத்தப் போனேன்."

"காத்தே இல்லையே."

"இருந்துச்சு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு இரண்டாவது எடுத்தாள். இந்தத் தடவை இரண்டு காலையும் டேப்பில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பீப் வந்தது. நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். பீப் வேகமெடுத்தது. க்ளிக் கேட்டபோது அவள் முதுகில் சுவர் இடித்தது. சமையலறைச் சுவர்.

மகள்தான் முதலில் பார்த்தாள்.

"அம்மா! மறுபடி முழங்கை!"

மறுபடி முழங்கைதான். மடங்கி, வெளியே நீட்டிக்கொண்டு, படத்தின் விளிம்பில். தட்டு மட்டும் இல்லை.

அவள் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால்கள் அவளைக் கேட்கவே இல்லை. வார்டில் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலோரம் நிறுத்தி, "எக்ஸ்ரே!" என்று குரல் கொடுத்தால் நர்சும் டாக்டரும் விலகுவார்கள். முதலில் விலக வேண்டியவள் அவள். தன் அறையில் என்றால் கதிர் படாமல் ஈயத் தடுப்புக்குப் பின்னால். பீப் கேட்டால் தடுப்பு. பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து உடம்பு கற்றது அது ஒன்றைத்தான். நாத்தனாரின் பெரிய கேமராவும் முகம் சிக்கியதும் பீப் என்று கத்தும். அதைத் தூக்கும்போதெல்லாம் நாத்தனார் "ரெடி" என்பாள். ஆஸ்பத்திரியில் அவளும் பட்டனை அழுத்துமுன் "ரெடி" என்றுதான் சொல்வாள்.

"நான் சொன்னா பொல்லாதவ," நாத்தனார் ஆரம்பித்தாள். அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. "வெட்டிட்டேன், வெட்டிட்டேன்னு கஸ்டமர் முன்னாடி என் மானத்த வாங்கின. கடையிலேயே பார்த்தேன். டேய், நீயும்தானே பார்த்த? வெட்டுக்கிளி மாதிரி தாவிப் போறா. இதுக்கு ஒரு புது கேமரா. ஒரு கயிறு. அளவு. காது மட்டும் வந்திருக்கு அண்ணியாம்."

கணவன் காலரைத் தேட, அவன் போட்டிருந்தது காலர் இல்லாத பனியன்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஓடறேன்னு உங்களுக்குத் தெரியும்."

"நல்லாத் தெரியும்."

"இத்தனை வருஷமா தெரியும்."

"ஆமாங்கறேன்."

"அப்ப ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'நில்லு, ஓடாத, திரும்ப எடுக்கறேன்'னு சொன்னீங்களா?"

நாத்தனார் தரையிலிருந்த டேப்பைப் பார்த்தாள்.

"சொல்லல," என்றாள்.

"ஏன்?"

"நீ இல்லாமலே நல்லாத்தான் இருந்துச்சு. படம்."

கணவன் "அக்கா" என்றான். மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என்ன, எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் மாமனார். "வண்டி எடுக்கலாமா?"

அவள் கேமராவிடம் நடந்தாள்.

"நான் வேணா எடுக்கட்டுமா?" என்றான் கணவன் பின்னாலிருந்து. "நீ போய் நில்லு."

"நீங்களும் இருக்கணும். எல்லாரும் இருக்கணும். யாரும் நகரக் கூடாது."

அழுத்தினாள். திரும்பி வந்து டேப்பின் மேல் நின்றாள். பக்கத்தில் நாத்தனாரின் வாசனை எண்ணெய் மணம். முன்னே சிவப்பு விளக்கு சிமிட்டியது. பீப். பல்லைக் கடித்தாள். பீப். இடது குதிகால் தரையை விட்டு எழும்புவது அவளுக்கே தெரிந்தது. பீப் வேகமெடுத்தது.

முழங்கைக்கு மேலே ஒரு கை பாய்ந்து பிடித்தது. நாளெல்லாம் நூலை இழுத்துப் பிடித்துப் பழகிய விரல்கள். நகம் சதையில் இறங்கியது.

"நில்லுடி."

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நாத்தனார் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"விடுங்க."

"நில்லுன்னா நில்லு."

"வலிக்குது, விடுங்கன்றேன்ல!"

க்ளிக்.

நாத்தனார் உடனே கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

படம் வந்தது. மாமனார் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். கணவன் அக்காவைத் திகிலோடு பார்த்துக்கொண்டிருந்தான். மகள் தலையை அண்ணாந்து, அத்தையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்க்கும் நடுவில் மாட்டியிருந்தாள். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, போலீஸ்காரர் ஜேப்படிக்காரனைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். பிடிபட்டவள் அவள் பக்கம் திரும்பியிருந்தாள். கண்ணில் நெருப்பு. வாய் திறந்திருந்தது.

அவள் ஓரங்களைப் பார்த்தாள். நாலு ஓரமும் சுத்தம். தலைக்கு மேலே சுவர். காலுக்குக் கீழே தரை, டேப். எதுவும் விட்டுப்போகவில்லை. பிறகுதான் முகத்துக்கு வந்தாள். இந்த வீட்டில் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கிறது. பார்க்கிற மாதிரி இல்லை. ஆனால் முழுசாக இருந்தது.

நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஐயையே. அழிச்சிடு. இன்னொண்ணு எடுக்கலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? என் மூஞ்சியப் பாரு. ரெட்டைத் தாடை. இதைப் பார்த்தா ஒருத்தி பார்லர் படியேறுவாளா?"

"நல்லாத்தான் இருக்கு."

"விளையாடாத. அழி. நான் பிடிச்சுக்கறேன், நீ சிரிச்சுக்கிட்டு நில்லு, நானும் சிரிக்கறேன். திரும்ப எடுப்போம்."

அவள் கேமராவை அணைத்துப் பையில் போட்டாள். ஜிப்பை இழுத்தாள்.

"திரும்ப எடுக்கற பழக்கம் நம்ம வீட்டுல இல்லையே அண்ணி."

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. மாமனாரை எழுப்பிக் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று, "அவர் கப்பல்லேருந்து வரட்டும்," என்றாள். யாருக்குச் சொன்னாள், வந்து அவர் என்ன செய்வார் என்று எவருக்கும் தெரியவில்லை. மாமனார், "ரைட், ரைட்," என்றார்.

படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டாள். சார்ட்டில் பழையதைக் கிழிக்கவில்லை. அதன் மேலேயே பசை தடவி ஒட்டினாள். மகள் பழைய அம்புக்குறியை ரப்பரால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள். அம்பு திறந்த வாய்க்கு நேராகப் போய் நின்றது. 'அம்மா.' அத்தைக்கும் ஒன்று போட்டாள்.

திங்கட்கிழமை ஆசிரியை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாளாம். மகள்தான் வந்து சொன்னாள்.

"அத்தை ஏன் அம்மாவ இப்படிப் பிடிச்சிருக்காங்கன்னு மிஸ் கேட்டாங்கம்மா."

"நீ என்ன சொன்ன?"

"விட்டா அம்மா போயிடுவாங்க, அதான்னு சொன்னேன்."

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சார்ட்டை பீரோக்குள்ள வெச்சுட்டாங்க."

அவள் மேஜை மேல் கிடந்த கேமராவை எடுத்து மகளிடம் கொடுத்தாள். பீப் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

முழங்கைக்கு மேலே நாலு நகக்குறி சிவப்பாக இருந்து, நீலமாகி, பச்சையானது. அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். "ரெடி" என்று சொல்லி ஈயத் தடுப்புக்குப் பின்னால் ஒதுங்கும்போதெல்லாம் அந்த இடத்தில் விண்ணென்று வலித்தது.